ஓட்டமாவடிப் பாலமும் பாசிக்குடாக் கூட்டமும்

அமெரிக்காவின் கேளிக்கைப் பூங்காக்களில் ஒரு நடைமுறை உண்டு. ஆண்டு முழுவதற்குமாகப் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கியவர்களுள், குறைந்த விலைச் சீட்டு வைத்திருப்போர் கிறிஸ்மஸ், புத்தாண்டு போன்ற நாள்களில் உள்ளே நுழைய முடியாது. அந்நாள்கள் முழுக் கட்டணம் செலுத்தி வரும் வெளியூர்க்காரர்களுக்கு உரியவை. விடுமுறை கழிந்து தடை நீங்கியதும் உள்ளூர்க்காரர் திரண்டு வருவர். ஓய்ந்திருக்க வேண்டிய ஜனவரி மாதத்து வார இறுதி மீண்டும் நெரியத் தொடங்கும். டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17ஆம் திகதி திறக்கப்பட்ட அன்றே போலி அழைப்புச் சீட்டுகளோடு ஆயிரக்கணக்கானோர் புகுந்துவிட்டார்கள் என்பது வரலாறு. அதே நிறுவனம் 2021 ஜனவரியில் கலிபோர்னியாப் பூங்காவின் ஆண்டுச் சீட்டுத் திட்டத்தையே கலைத்துவிட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் முன்பதிவு நிபந்தனையுடன் வேறொன்றைக் கொண்டுவந்தது.

இலங்கையின் கிழக்கில் இத்தகைய பூங்கா எதுவும் இல்லை. ஆனால் விடுமுறைக் கூட்டமும் அதை வடிகட்டும் சீட்டும் எங்களுக்குப் புதியவை அல்ல. அவற்றின் கதையைச் சொல்ல ஓட்டமாவடிப் பாலத்தில் நின்றுகொள்வதே வசதி. பொலனறுவை, வெலிக்கந்தை, புனானை வழியாகப் பாசிக்குடாக் கடலுக்கு வரும் எவரும் ஓட்டமாவடியில் அந்த நீர்ப்பரப்பைக் கடந்து, வாழைச்சேனையில் திரும்பித்தான் கல்குடா வீதியைப் பிடிக்க வேண்டும்.

பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் விசித்திரம் தெரியும். ரயிலும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஒரே தளத்தில் போகும். மன்னம்பிட்டியிலும் அப்படியொரு பாலம் இருந்தது. மட்டக்களப்புக்கு ரயில் பாதை 1928இல் வந்தது. ரயில் வரும்போது வாகனங்கள் காத்திருக்க வேண்டும். எதிரும் புதிருமாக இரு வாகனங்கள் செல்லவும் இடம் போதாது. எனவே விடுமுறை நாளில் எத்தனை பஸ் வந்தாலும் கடற்கரைக்குப் போய்ச் சேரும் வேகத்தைப் பாலமே நிர்ணயித்தது. யாரும் திட்டமிடாத கட்டுப்பாடு அது. ஓட்டமாவடித் தேநீர்க் கடைகளுக்கு அதனால் நல்ல வியாபாரம் என்பதையும் சொல்லவேண்டும்.

ரயிலில் வந்தவர்களின் கதை வேறு. இலங்கையில் "சீசன்" என்றால் முதலில் நினைவுக்கு வருவது உல்லாசப் பயணப் பருவமல்ல; அலுவலகம் போகிறவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் மாதாந்த ரயில் சீட்டு. கடலுக்கு வர அது உதவாது. உதவியது அரசாங்க ஊழியர்களின் இலவச ரயில் வாரண்ட். ஆண்டுக்குச் சில முறை குடும்பத்தோடு பயணம் செய்ய வழங்கப்பட்ட அந்தத் தாளை வைத்துக்கொண்டு எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் உதயதேவியில் ஏறினார்கள். கல்குடாவிலேயே ரயில் நிலையம் இருந்தது. நடுத்தர வர்க்கத்தின் கடற்கரை விடுமுறை இந்நாட்டில் உருவானதற்கு அந்த வாரண்ட் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. அதற்கு உரிய மதிப்பை யாரும் அளித்ததாகத் தெரியவில்லை.

இடையில் நாட்டின் வார விடுமுறையே இடம் மாறியது. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் பௌத்தர்களின் போயா நாளே வார விடுமுறை. சந்திரனின் கணக்குப்படி ஒரு வாரம் நீளும், ஒரு வாரம் குறுகும். எந்தக் கிழமையில் கூட்டம் வரும் என்று பஸ்காரருக்கும் கடைக்காரருக்கும் பஞ்சாங்கம்தான் சொல்லவேண்டும்.

அதே காலத்தில்தான் அரசு உல்லாசப் பயணத்துறையைக் கையில் எடுத்தது. 1966இல் சுற்றுலாச் சபை அமைந்தது. அடுத்து வந்த பத்தாண்டுத் திட்டம் கிழக்குக் கரையையும் வளர்க்கவேண்டிய வலயங்களுள் ஒன்றாகக் குறித்தது. காரணம் எளிது. ஐரோப்பியர் வெயில் தேடி வரும் டிசம்பரில் ஹிக்கடுவை, பெந்தோட்டை அமைதியாக இருக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் அங்கே கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கடல் கண்ணாடியாகக் கிடக்கும். பாசிக்குடாவிலோ வளைந்த குடாவும் ஆழமற்ற தரையும் சேர்ந்து, கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. நீந்தத் தெரியாதவர்களுக்கும் கடலைத் திறந்துவிட்ட இடம் அது. சித்திரைப் புத்தாண்டும் வெசாக்கும் ஆகஸ்ட் பள்ளி விடுமுறையும் இந்தப் பருவத்திலேயே விழுகின்றன. ஆக, வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் ஒரே மாதங்கள்தாம் வாய்ப்பு. பிற்காலத்துப் பிணக்கின் வேர் இங்கே இருக்கிறது.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவுச் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோப்புகளை முறித்துப் போட்டது. 1983 ஜூலைக் கலவரத்தின் பின் பயணிகள் வருகை அற்றுப்போனது. விடுதிகள் மூடப்பட்டுச் சுவர்களாக நின்றன. அதற்குப் பிந்திய கால் நூற்றாண்டில் "பாஸ்" என்ற சொல்லுக்கே வடகிழக்கில் வேறு பொருள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி இறங்கி நடப்பதும், மீனவர் கடலில் இறங்கும் நேரத்தைப் படையினர் வரையறுப்பதும் அன்றாடமாயின. மட்டக்களப்புக்கு ரயில் வராத ஆண்டுகளும் உண்டு. ஓட்டமாவடி முஸ்லிம்களும் வாழைச்சேனைத் தமிழரும் பாலத்தின் மறுகரைக்குப் போக அஞ்சிய நாள்களும் இருந்தன. போர்நிறுத்தம் வந்த 2002ஆம் ஆண்டின் ஜூனிலேயே வாழைச்சேனையில் கலவரம் மூண்டு ஊரடங்கு போடப்பட்டது. இதைச் சொல்லாமல் கடற்கரையின் அழகை மட்டும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், கிறிஸ்மஸுக்கு மறுநாள். மூன்று விடுமுறைகள் ஒன்றாகச் சேர்ந்த காலையில் கடல் உள்ளே வந்தது. கல்குடாப் பகுதியின் மீனவக் குடியிருப்புகள் சிதைந்தன. கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டக்கூடாது என்று மக்களுக்கு விதிக்கப்பட்ட தூர எல்லை, விடுதிகளுக்கு அதே கண்டிப்புடன் விதிக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு கரையோரம் எங்கும் எழுந்தது.

2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடா விசேட உல்லாசப் பயண வலயமாயிற்று. நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. 2011 முதல் நட்சத்திர விடுதிகள் வரிசையாகத் திறந்தன. ஓட்டமாவடியில் வாகனங்களுக்கெனத் தனிப் பாலமும் வந்துவிட்டதால் பஸ்கள் இப்போது நிற்காமல் ஓடுகின்றன. குடாவின் கரை நீளமோ கூடவில்லை. நீண்ட வார இறுதிகளில் தெற்கிலிருந்து சுற்றுலா பஸ்களும், ஹஜ்ஜுப் பெருநாளின் பின் சுற்றுவட்டார முஸ்லிம் குடும்பங்களும் வரும்போது, பொதுமக்களுக்கு எஞ்சியிருக்கும் பகுதியில் மணல் தெரியாது. பக்கத்தில் விடுதிகளின் முன்புறம் சாய்வு நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். சட்டப்படி அங்கும் யாரும் நடக்கலாம். ஆனால் வீதியிலிருந்து அங்கே போகும் வழி மதில்களுக்கு உள்ளே அடங்கிவிட்டது. அறை வாடகையே அனுமதிச் சீட்டு.

பெரிய இழப்பு மீனவர்களுக்குத்தான். படகு இழுக்கும் துறை ஒடுங்கியது, வலை காயவைக்கும் மணல் போனது, கரைக்குச் செல்லும் பாதைகள் அடைபட்டன என்ற முறைப்பாடுகள் பல்லாண்டுகளாக உள்ளன. சுவிட்சர்லாந்தின் மனித உரிமை அமைப்பொன்று 2015இல் பாசிக்குடா, குச்சவெளி, கற்பிட்டி ஆகிய மூன்று இடங்களையும் ஆராய்ந்து இதை அறிக்கையாகவே வெளியிட்டது. பஸ்ஸில் வருவோரின் குப்பையைக் காட்டி, கடற்கரைக்கு நுழைவுக் கட்டணம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுவோரை நான் சந்தித்திருக்கிறேன். குப்பை உண்மைதான். கட்டணம் வைத்தால் முதலில் வெளியே நிற்பவர் யார் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. கிழக்குக் கடலின் பருவம் தொடங்க இருந்த வேளை. விடுதிகள் வெறுமையாயின. மறுவருடம் கொரோனா, 2022இல் எரிபொருள் பஞ்சம். அந்த ஆண்டுகளிலும் கடலை நம்பியிருந்த மீனவர் கரையைவிட்டுப் போகவில்லை. போக அவர்களுக்கு வேறு இடமும் இல்லை.

ஆகஸ்ட் விடுமுறை முடிந்ததும் கூட்டம் மெல்லக் கரையும். ஒக்டோபரில் விடுதிகள் கட்டணத்தைக் குறைக்கும். நவம்பரில் வாடைக்காற்று இறங்கி மழை கொட்டத் தொடங்கினால் குடா கலங்கும். சுற்றுலா பஸ்கள் பாலத்தைக் கடப்பது அரிதாகும். மதில்களுக்கு இடையே எஞ்சியிருக்கும் ஒடுங்கிய வழிகளால், கடல் அனுமதிக்கும் நாள்களில், மீனவர் தோணிக்குப் போய்வருவர்.