சோபாவை விட்டு எழாமல்: மேசைக் கணினியைக் கன்சோலாக அமைத்தல் பற்றிய ஓர் ஆய்வு

1. அளவுகோல்

கேம் கன்சோலுக்கும் கணினிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பலரும் விலையையும் கிராபிக்ஸ் கார்டையும் சொல்வார்கள். ஆனால் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டின் உள்ளேயும் இருப்பது ஏஎம்டியின் ஜென் 2 வகைச் செயலி. கடையில் கிடைக்கும் கணினிகளிலும் அதே குடும்பச் சில்லுகள் உண்டு. வன்பொருளில் இரண்டும் உறவுக்காரர்கள். பழக்கத்தில்தான் பிரிகின்றன. எதிரே இருப்பவர் கையில் ஒரு கன்ட்ரோலர் மட்டும் இருக்கிறது என்று எண்ணிக் கட்டப்பட்டது கன்சோல். கணினியோ, ஒரு முழத் தொலைவில் கீபோர்டும் மவுஸுமாக ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறது. அதனால் எந்த நேரமும் ஏதாவது கேள்வி கேட்கும்.

ஆகவே இக்கட்டுரைக்கு ஓர் அளவுகோல் போதும். ஒரு மாலை விளையாடி முடிப்பதற்குள் சோபாவை விட்டு எத்தனை முறை எழ வேண்டியிருந்தது? படத்தின் அழகு, நொடிக்கு எத்தனை பிரேம் என்பவற்றை நான் இதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

2. கன்ட்ரோலர் பேசும் மொழி

விண்டோஸில் நெடுங்காலம் கன்ட்ரோலர்கள் டைரக்ட்இன்புட் வழியாகப் பேசின. அதில் பொத்தான்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுமே. மூன்றாம் பொத்தான் கையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேமுக்குத் தெரியாது. ஒவ்வொரு கேமிலும் ஆடுபவரே ஒவ்வொன்றாக அழுத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 உடன் வந்த எக்ஸ்இன்புட் இந்தச் சுதந்திரத்தை வெட்டியது. இரண்டு குச்சிகள், இரண்டு டிரிகர் விசைகள், நான்கு முகப்புப் பொத்தான்கள், அதிகம் போனால் நான்கு கன்ட்ரோலர்கள். இவ்வளவுதான் உலகம் என்று அறுதியிட்டது. வடிவம் உறுதியானதால் கேள்வி மறைந்தது. செருகினால் வேலை செய்தது.

பழைய வழியின் ஒரு குறை இதைத் தெளிவாகக் காட்டும். அதே 360 கன்ட்ரோலரை டைரக்ட்இன்புட் வழியாகப் படித்தால் இடது, வலது விசைகள் இரண்டும் ஒரே அச்சில் விழும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். கார்ப் பந்தயத்தில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒருசேர மிதிப்பவருக்கு அது ஆட்டத்தையே கெடுக்கும்.

சோனியின் கன்ட்ரோலர்கள் எக்ஸ்இன்புட் பேசுவதில்லை. கேம் விற்பனைத் தளமான ஸ்டீமுக்குள் இருக்கும் ஸ்டீம் இன்புட் அவற்றை மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. இங்கே அடிக்கடி நேரும் பிழை, மொழிபெயர்ப்பாளர் இருவர் ஆகிவிடுவது. ஸ்டீமோடு இன்னொரு மாற்று மென்பொருளும் பின்னணியில் ஓடினால், உண்மைக் கன்ட்ரோலர் ஒன்றும் மாயக் கன்ட்ரோலர் ஒன்றும் சேர்ந்து கேமுக்குத் தெரியும். ஒருமுறை அழுத்தினால் மெனு இரண்டு வரி தாவும். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கியவர்களை நான் அறிவேன். வாங்கும் முன் பின்னணியில் எத்தனை மென்பொருள் ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கலாம்.

பொத்தானில் எழுதியிருப்பதும் சின்ன விஷயமில்லை. எக்ஸ்பாக்ஸில் 'ஏ' கீழே இருக்கும், நின்டெண்டோவில் வலப்பக்கம். கணினிக் கேம்களில் மிகப் பெரும்பாலானவை திரையில் எக்ஸ்பாக்ஸ் எழுத்துகளையே வரைகின்றன. கேமுக்குப் புதியவர்களும் ஆடும் வீட்டில் கையில் இருப்பதும் திரையில் தெரிவதும் ஒத்திருக்க வேண்டும். முதல் கன்ட்ரோலர் எக்ஸ்பாக்ஸ் வகையாக இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே காரணம்.

3. காற்றுவழி இணைப்பு

யுஎஸ்பி 3 துளைகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. புளூடூத்தும் கன்ட்ரோலர்களோடு வரும் பல டாங்கிள்களும் (யுஎஸ்பியில் செருகும் கம்பியில்லா ஏற்பிகள்) இயங்குவது அதே அலைவரிசையில்தான். மேசைக் கணினியை டிவி அலமாரிக்குள் தள்ளி, டாங்கிளைப் பின்பக்கம் செருகினால், ஒருபக்கம் இரும்புப் பெட்டி, மறுபக்கம் சுவர், நடுவே இந்த இரைச்சல்.

என் வீட்டில் கேமில் வரும் பாத்திரம் தானாகவே நாலடி ஓடும். பிறகு திடீரென நின்றுவிடும். பேட்டரி மாற்றினேன், டிரைவரை அழித்து மீண்டும் நிறுவினேன். இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயரை வாங்கி டாங்கிளை அலமாரியின் முன்பக்கம் கொண்டுவந்து வைத்தேன். அன்றோடு தீர்ந்தது. கணினியைக் கன்சோலாக்க நான் செய்த செலவுகளில் மிகக் குறைந்ததும் மிகப் பயன்பட்டதும் அதுதான்.

4. திரை

இதில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிவினாடி. டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகூட்டினால் அதற்கு மேலும் தாமதம் சேரும்; எனவே டிவியின் கேம் மோடு கட்டாயம். கணினிக்கு வலு போதாவிட்டால், 120 ஹெர்ட்ஸ் டிவியில் 40 பிரேம் நல்ல சமரசம். பிரேமுக்கு 25 மில்லிவினாடி என்பது 30-க்கும் 60-க்கும் இடையே, நேரக் கணக்கில் சரிபாதி.

டிவியைக் கன்சோல் தானே எழுப்பும், கணினி எழுப்பாது. எச்டிஎம்ஐயில் அதற்கென உள்ள சிஇசி வசதி மேசைக் கணினிகளின் கிராபிக்ஸ் கார்டுகளில் பொதுவாக இருப்பதில்லை. தனி அடாப்டர் வாங்கலாம், அல்லது ரிமோட்டைச் சோபாவிலேயே வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதைச் செய்கிறேன்.

5. கணினி முகத்தை மறைத்தல்

வால்வ் நிறுவனம் ஸ்டீமில் பிக் பிக்சர் என்ற முழுத்திரை முகப்பை 2012-இல் கொண்டுவந்தது. தொலைவில் இருந்து படிக்கும் அளவு பெரிய எழுத்து, கன்ட்ரோலரால் நகரும் மெனு. ஆனால் அதன் அடியில் விண்டோஸ் அப்படியே இருந்தது. அதையும் விலக்க எண்ணி 2015 நவம்பரில் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின்கள் விற்பனைக்கு வந்தன. அவை எடுபடவில்லை. லினக்ஸுக்கென்று எழுதப்பட்ட கேம்கள் மட்டுமே அவற்றில் ஓடின. அத்தகைய கேம்கள் மிகக் குறைவு.

திருப்பம் 2018 ஆகஸ்டில் வந்த புரோட்டான். வைன் திட்டத்தின் மேல் கட்டப்பட்ட அது, விண்டோஸ் கேம்களை மாற்றமில்லாமல் லினக்ஸில் ஓட வைத்தது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. அதைப் போட்டவுடன் நேராகக் கேம் பட்டியல் வரும். கணினித் திரை தேடினால்தான் கிடைக்கும். ஃபெடோரா வழிவந்த பஸ்ஸைட் போன்ற தொகுப்புகள் அதே அனுபவத்தை மேசைக் கணினிக்குக் கொண்டுவருகின்றன.

விண்டோஸிலேயே இருப்பவர் கடவுச்சொல் கேட்காமல் தானே உள்நுழையவும், ஸ்டீம் தானே பிக் பிக்சரில் திறக்கவும் அமைத்துவிடலாம். கன்ட்ரோலரின் நடுப்பொத்தானைப் பிடித்துக்கொண்டு வலக்குச்சியை நகர்த்தினால் ஸ்டீம் அதை மவுஸாக்கித் தரும். சிக்கல், விண்டோஸ் திரையை மங்கவைத்து அனுமதி கேட்கும்போதுதான். அந்தப் பாதுகாப்புத் திரை சாதாரண மென்பொருள் அனுப்பும் போலி மவுஸ் அசைவை ஏற்காது, ஏற்கவும் கூடாது. தீய மென்பொருள் தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளாமல் தடுப்பது அதுதான். ஆனால் சோபாவில் இருப்பவர் எழுந்துதான் ஆக வேண்டும். விண்டோஸைத் திருத்தித் திருத்திக் கன்சோலாக்க முயல்பவர்கள் கடைசியில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. லினக்ஸ் வழியை நான் உயர்வாகக் கருதுவதும் இதனால்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக ஃபோர்ட்நைட் போன்ற சில போட்டி ஆட்டங்கள் லினக்ஸில் ஓடுவதில்லை. வீட்டுப் பிள்ளைகள் ஆடுவது அதுவானால் வாதத்துக்கே இடமில்லை, விண்டோஸ்தான்.

6. உறக்கமும் விழிப்பும்

ஆட்டத்தின் நடுவே நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்தில் தொடர்வது கன்சோலின் பெரிய வசதி. மேசைக் கணினியையும் உறங்கவைக்கலாம், எழுப்புவதுதான் கடினம். உறங்கும்போது யுஎஸ்பி துளைக்கு மின்சாரம் போக பயாஸில் அனுமதி வேண்டும்; டாங்கிள் கணினியை எழுப்பலாம் என்ற அனுமதி இயக்குதளத்திலும் வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் கன்ட்ரோலர் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். புளூடூத் வழியே எழுப்புவது பல கணினிகளில் நடப்பதில்லை.

7. எஞ்சுபவை

இத்தனை செய்த பிறகும் சில கேள்விகள் மிஞ்சும். சில கேம்கள் ஸ்டீமுக்கு வெளியே தங்கள் சொந்த லாஞ்சரைத் திறந்து மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கும். சில கேம்கள் முதல்முறை திறக்கும்போது ஷேடர்களை, அதாவது கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்களை, தொகுக்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். கன்சோலில் வன்பொருள் ஒன்றே என்பதால் அவை முன்கூட்டியே தொகுக்கப்பட்டு வருகின்றன. கணினியில் ஒவ்வொரு கார்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கு நான் கண்ட வழி, புதிய கேமை யாரும் இல்லாத நேரத்தில் ஒருமுறை திறந்து பார்ப்பது. ஒப்பந்தத்துக்கு 'சரி' சொல்லி, கணக்கில் நுழைந்து, எழுத்தளவைப் பெரிதாக்கி, ஷேடர் வேலை முடியும்வரை காத்திருந்து, முதல் காட்சி வந்ததும் மூடிவிடுவேன். டச்பேடு பதித்த ஒரு சிறிய கம்பியில்லாக் கீபோர்டு இதற்கென்றே டிவி அலமாரியின் இழுப்பறையில் இருக்கிறது. மாலையில் வீட்டார் வந்து உட்காரும்போது இழுப்பறை மூடியிருக்கும்.