குனு தொகுப்பியும் வழுநீக்கியும்: ஒரு பொது மென்பொருளின் பராமரிப்பு வரலாறு

முன்னுரை

மனிதர் எழுதும் மூல நிரலைச் செயலி ஏற்கும் ஆணைகளாக மாற்றித் தருவது தொகுப்பி. அவ்வாறு மாற்றப்பட்ட நிரல் ஓடும்போது அதனை இடையில் நிறுத்தி, உள்ளே நடப்பதைக் காட்டுவது வழுநீக்கி. ஏனைய மென்பொருள்கள் அனைத்தும் இவ்விரண்டின் வழியாகவே பிறந்து திருத்தம் பெறுகின்றன. ஆதலின் இவை எவர் கையில் உள்ளன என்னும் வினா, மென்பொருள் உலகில் நிலவுடைமை பற்றிய வினாவுக்கு ஒப்பானது. ஜிசிசி எனச் சுருக்கமாக அறியப்படும் குனு தொகுப்பியும், ஜிடிபி எனப்படும் குனு வழுநீக்கியும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து வளர்க்கப்பட்டு வருகின்றன. இவற்றைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தொடக்க நாயகரின் கொள்கை உறுதியோடு நின்றுவிடுகின்றன. அதன் பின்னர் வந்த பராமரிப்பே இவற்றின் வரலாற்றில் பெரும்பகுதி என்பதும், அப்பராமரிப்பின் போக்கை உரிமம் பற்றிய முடிவுகள் ஆழமாகத் தீர்மானித்தன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கிடைக்காத தொகுப்பிகள்

1983 செப்டம்பர் 27 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1984 சனவரியில் அப்பணியிலிருந்து விலகி முழுநேரமாக இதில் இறங்கினார். யூனிக்ஸை ஒத்த, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இயலும் இயங்குதளம் ஒன்றை ஆக்குவது நோக்கம். அதற்கு முதலில் ஒரு தொகுப்பி வேண்டும்.

ஸ்டால்மன் தொகுப்பியைத் தாமே எழுத விரும்பித் தொடங்கவில்லை. ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகத்தில் ஆன்ட்ரூ டானன்பாம் முதலியோர் உருவாக்கிய தொகுப்பித் தொகுதியை அவர் முதலில் நாடினார். 'விரியே' என்னும் டச்சுச் சொல்லுக்குக் 'கட்டற்ற' என்பது பொருள். பல்கலைக்கழகம்தான் கட்டற்றது, தொகுப்பி அன்று என்னும் பொருள்பட ஏளனமாக விடை வந்தது என ஸ்டால்மன் பின்னர் பதிவு செய்துள்ளார். அடுத்து, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான பேஸ்டல் என்னும் தொகுப்பியின் மூல நிரல் அவருக்குக் கிடைத்தது. அதற்குச் சி மொழிக்கான முன்பகுதி ஒன்றை எழுதிச் சேர்த்து, மோட்டோரோலா 68000 செயலிக்கு ஏற்ப மாற்றத் தொடங்கினார். பேஸ்டல் ஒரு கோப்பு முழுவதையும் தொடரமைப்பு மரமாக்கி, இடையில் எந்த நினைவகத்தையும் விடுவிக்காமலேயே இறுதிவரை கொண்டு செல்லும் இயல்புடையது. அதற்குப் பல மெகாபைட் அடுக்கு நினைவகம் தேவைப்பட்டது. கைவசமிருந்த யூனிக்ஸ் கணிப்பொறியோ 64 கிலோபைட் மட்டுமே தந்தது. எனவே பேஸ்டலைக் கைவிட்டு, தாம் எழுதிய முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு புதிய தொகுப்பி ஒன்றை முதலிலிருந்து எழுதினார்.

அதன் சோதனைப் பதிப்பு 1987 மார்ச் 22 அன்று வெளியிடப்பட்டது. வாக்ஸ், 68020 ஆகிய இரு செயலிகளுக்கு அது ஆணைகளை ஆக்கித் தந்தது. கிறிஸ்டோபர் ஃபிரேசர், ஜாக் டேவிட்சன் ஆகியோர் முன்வைத்த கருத்துகளைத் தழுவி, செயலியின் ஒவ்வோர் ஆணையையும் பதிவகங்களுக்கிடையிலான மாற்றமாக விவரிக்கும் இடைநிலை மொழி ஒன்று அதனுள் அமைந்தது. புதிய செயலி ஒன்றுக்குத் தொகுப்பியை மாற்ற விரும்புவோர் அச்செயலியின் விவரிப்பை எழுதித் தந்தால் போதும் என்னும் நிலை இதனால் உருவாயிற்று. ஜிசிசி விரைந்து பரவியமைக்கு அதன் விலையின்மையைக் காட்டிலும் இவ்வமைப்பே முதன்மைக் காரணம் எனலாம். வழுநீக்கியான ஜிடிபி இதற்கு ஓராண்டு முன்னரே, 1986இல், பெர்க்லி யூனிக்ஸின் டிபிஎக்ஸை முன்மாதிரியாகக் கொண்டு ஸ்டால்மனால் எழுதப்பட்டிருந்தது.

பராமரிப்பு ஒரு தொழிலாதல்

1987இலேயே மைக்கேல் டீமன் இத்தொகுப்பிக்குச் சி++ மொழிப் பகுதியை எழுதினார். 1989இல் அவரும் ஜான் கில்மோரும் டேவிட் ஹெங்கல்-வாலசும் சிக்னஸ் சப்போர்ட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். மென்பொருளை விற்காமல், அதனைப் பராமரிக்கும் உழைப்பை விற்பது அதன் தொழில். புதிய செயலிகளை ஆக்கிய நிறுவனங்கள் தமக்குரிய தொகுப்பியும் வழுநீக்கியும் வேண்டிச் சிக்னஸிடம் பணம் கொடுத்தன; அவ்வுழைப்பின் பயன் பொதுவில் வந்து சேர்ந்தது. ஜிடிபியின் பராமரிப்பைச் சில ஆண்டுகள் கில்மோரே ஏற்றிருந்தார். தன்னார்வத் தொண்டினால் மட்டும் வளர்ந்த மென்பொருள் என ஜிசிசியைப் புகழ்வது வழக்கமாயினும், கூலி பெற்ற உழைப்பு தொடக்க நாள் முதலே அதனுள் கலந்திருந்தது.

உரிமமும் உள்ளமைப்பும்

ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் ஜிசிசியோடு அப்ஜெக்டிவ்-சி மொழிப் பகுதியை இணைத்தது. அப்பகுதியின் மூல நிரலை வெளியிடாமல், தொகுக்கப்பட்ட கோப்புகளாக மட்டும் தந்து, பயனரே இணைத்துக்கொள்ளட்டும் என்பது அந்நிறுவனத்தின் எண்ணம். குனு பொது உரிமம் அதற்கு இடந்தராது என ஸ்டால்மன் தரப்பு மறுத்தது. நெக்ஸ்ட் மூல நிரலை வெளியிட நேர்ந்தது. உரிமத்தின் வலிமைக்குச் சான்றாக இந்நிகழ்ச்சி பலமுறை எடுத்துக்காட்டப்படுகின்றது. அது விட்டுச்சென்ற மற்றொரு பாடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜிசிசியின் முற்பகுதியையும் பிற்பகுதியையும் எளிதில் பிரிக்க இயலுமாயின், இடைநிலை வடிவத்தைக் கோப்பில் எழுதி, அதனை மூடிய மென்பொருள் ஒன்றுக்கு ஊட்டிவிடலாம் என்னும் அச்சம் நிலைபெற்றது. ஆகவே அவ்வடிவத்தை வெளியே எளிதில் எடுக்கவியலாதவாறு வைத்திருப்பது கொள்கையாயிற்று. ஒரு பொறியியல் அமைப்பைச் சட்டக் காரணத்திற்காக வேண்டுமென்றே கடினமாக்கிய அரிய நிகழ்வு இது.

அதன் விலையை வழுநீக்கிகளும் திருத்திகளும் ஆய்வாளர்களும் செலுத்தினர். நிரலைப் புரிந்துகொள்ள விழையும் எந்தக் கருவிக்கும் தொகுப்பியின் அறிவு தேவை. ஜிசிசியிடமிருந்து அதனைப் பெறும் வழி அடைபட்டிருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டில் கிறிஸ் லாட்னர், விக்ரம் ஆத்வே ஆகியோர் தொடங்கிய எல்எல்விஎம் இதற்கு நேர்மாறான நெறியில் அமைந்தது. தொகுப்பியின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே பயன்படுத்தத்தக்க நூலகமாக அதில் வடிவமைக்கப்பட்டது. 2005இல் லாட்னர் எல்எல்விஎம்மை ஜிசிசியோடு இணைக்கும் வழியொன்றை முன்மொழிந்தார். அதன் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு மாற்றித் தரவும் கூடும் என்றார். அது கைகூடவில்லை. அம்முன்மொழிவு தம் கண்ணில் படவேயில்லை என்று பத்தாண்டுகளுக்குப் பின் ஸ்டால்மன் எழுதினார். லாட்னரைப் பணியில் சேர்த்திருந்த ஆப்பிள் நிறுவனம், 2007இல் ஜிசிசி மூன்றாம் பதிப்புப் பொது உரிமத்திற்கு மாறியபின் அதிலிருந்து விலகி, கிளாங் என்னும் புதிய தொகுப்பியை வளர்த்தது. கிளாங்கின் பகுப்பாய்வுப் பகுதியை அப்படியே எடுத்தாளும் எல்எல்டிபி என்னும் வழுநீக்கி 2010இல் வந்தது.

ஜிசிசி தன் கதவை 2010இல்தான் ஓரளவு திறந்தது. அதற்கும் முதலில் சட்ட ஏற்பாடே தேவைப்பட்டது. 2009 சனவரியில் இயக்கநேர நூலகங்களுக்கான விதிவிலக்கு திருத்தி எழுதப்பட்டு, மூடிய கருவியின் வழியாகத் தொகுப்பு நடந்தால் அவ்விலக்கு கிட்டாது எனக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதன் பின்னரே 4.5ஆம் பதிப்பில் செருகுநிரல்களுக்கு இடம் தரப்பட்டது. ஜிசிசியின் துணைகொண்டு, ஓடும் நிரலுக்குள் புதிய வரிகளைத் தொகுத்துச் செலுத்தும் வசதியை ஜிடிபி 2015இல் பெற்றது. ஒரே இல்லத்தில் பிறந்த இரு கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள ஏறத்தாழ முப்பதாண்டு ஆயிற்று.

பிளவும் இணைவும்

1990களின் இடைப்பகுதியில் ஜிசிசியின் வளர்ச்சி மந்தமாயிற்று. திருத்தங்களை ஏற்பவர் மிகச் சிலர், அனுப்பியவர்களோ பலர். சி++, ஃபோர்ட்ரான் பகுதிகளிலும் இன்டெல் செயலிகளுக்கான உகப்பாக்கத்திலும் பலர் தனித்தனியே செய்த வேலைகள் முதன்மைப் பதிப்பில் இடம்பெறாமல் தேங்கின. 1997 ஆகஸ்ட்டில் அவற்றை ஒன்றிணைத்து ஈஜிசிஎஸ் என்னும் பிரிவு தோன்றியது. அது வெளிப்படையான மூல நிரல் களஞ்சியத்தையும், பல நிறுவனத்தார் அடங்கிய வழிநடத்துக் குழுவையும் கொண்டிருந்தது. 1999 ஏப்ரலில் அறக்கட்டளை தன் பழைய கிளையை நிறுத்தி, ஈஜிசிஎஸ் குழுவையே ஜிசிசியின் பொறுப்பாளராக ஏற்றது. அதே ஆண்டு சூலையில் வெளிவந்த 2.95ஆம் பதிப்பிலிருந்து, சி மொழித் தொகுப்பி எனப் பொருள்பட்ட ஜிசிசி என்னும் சுருக்கம் தொகுப்பிகளின் திரட்டு எனப் பொருள்படலாயிற்று. மென்பொருள் உலகில் பிளவுகள் பெரும்பாலும் இரு தரப்பையும் மெலிவிக்கின்றன; பிரிந்து சென்றோர் தாய்த்திட்டமாகவே ஆன இந்நிகழ்வு விதிவிலக்கானது.

தொகுப்பி அழிப்பதும் வழுநீக்கி மீட்பதும்

தொகுப்பிக்கும் வழுநீக்கிக்கும் இடையில் இயல்பாகவே ஒரு முரண் உண்டு. தொகுப்பி நிரலை விரைவாக்கும் பொருட்டு வரிகளை இடம் மாற்றும். மாறிகளைப் பதிவகத்திலிருந்து பதிவகத்திற்கு நகர்த்தும். தேவையற்றவற்றை முற்றாக நீக்கும். வழுநீக்கியோ எழுதியவரின் மூல நிரலில் உள்ள வரிசையையும் பெயர்களையும் காட்ட வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது, தொகுப்பி தன் விளைபொருளோடு சேர்த்து எழுதிவைக்கும் வழுநீக்கக் குறிப்பு. 'டுவார்ஃப்' என்பது அக்குறிப்பின் வடிவம். எல்ஃப் என்னும் கோப்பு வடிவத்திற்குத் துணையாக வந்தமையால் குள்ளன் என விளையாட்டாக இடப்பட்ட பெயர் அது. அதன் ஐந்தாம் பதிப்பு 2017இல் வெளியாயிற்று. ஜிசிசி அதனை 2021இல் இயல்பு வடிவமாக்கியது.

உகப்பாக்கத்திற்குப் பின்னும் மாறியின் மதிப்பு எங்குள்ளது எனத் தொடரும் வசதி, செருகுநிரல்கள் வந்த அதே 4.5ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. தொகுப்பியின் உட்படிகள் அனைத்திலும், ஆணையாக மாறாத சிறு அடையாளக் குறிகள் மாறிகளோடு உடன்செல்கின்றன. இக்குறிகளால் இறுதி ஆணைகள் ஒரு பைட்டும் மாறக்கூடாது என்பது விதி. ஜிசிசி தன்னைத்தானே மும்முறை தொகுத்துச் சரிபார்க்கும் வழக்கம் உடையது. இரண்டாம் நிலையை வழுநீக்கக் குறிப்பின்றியும் மூன்றாம் நிலையை அக்குறிப்போடும் தொகுத்து, இரண்டும் ஒத்துள்ளனவா என ஒப்பிடுவது இவ்விதியைக் காப்பதற்காகவே.

எனினும் விதி மீறப்பட்டது. 2014 சூலையில் லினக்ஸ் கருனி, 4.9ஆம் பதிப்பினால் தொகுக்கப்பட்டபோது சிலரிடம் நிலைகுலைந்தது. பணிச்சுமையைப் பகிரும் செயற்கூறு ஒன்றில், அடுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கப்படுவதற்கு முன்னரே தொகுப்பி அவ்விடத்தில் மதிப்பை எழுதியிருந்தது; இடையில் குறுக்கீடு வருமாயின் அம்மதிப்பு அழிந்துபோகும். லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைக் கண்டறிந்து கடுஞ்சொற்களால் சாடினார். வழுநீக்கத்திற்கான அடையாளக் குறிகளின் இருப்பே ஆணைகளின் வரிசையை மாற்றியிருந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. அவ்வசதியை நிறுத்தும் ஒரு தெரிவு கருனியின் கட்டமைப்புக் கோப்பில் சேர்க்கப்பட்டது. வழுவைக் காண வைத்த விளக்கே வழுவை உண்டாக்கியது.

தமிழ் அடையாளப் பெயர்கள்

இவ்வரலாற்றில் தமிழுக்கும் சிறு இடம் உண்டு. 1999ஆம் ஆண்டின் சி மொழித் தரம், மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் இடப்படும் பெயர்களில் வரத்தக்க எழுத்துகளைப் பின்னிணைப்பில் பட்டியலிட்டது. அதில் தமிழின் உயிரும் மெய்யும் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் இடம்பெற்றன. ஆயினும் ஜிசிசியில் அவ்வெழுத்துகளைப் பதினறும எண் வடிவிலேயே தர வேண்டியிருந்தது. 'தொகை' என்று பெயரிட விரும்புபவர் அச்சொல்லைப் படிக்கவியலாத எண்தொடராக எழுத வேண்டும். மூல நிரலில் தமிழெழுத்தையே நேரடியாக இடும் வசதி 2020 மே மாதம் வெளிவந்த 10ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. தரம் இசைந்ததற்கும் கருவி இசைந்ததற்கும் இடையே 21 ஆண்டுகள். தமிழ்வழி நிரலாக்கக் கல்வி பற்றிய ஆய்வுகள் இவ்விடைவெளியைக் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

பராமரிப்போர் உள்ளவரை

2021 சூனில் ஜிசிசி வழிநடத்துக் குழு, பங்களிப்போர் தம் பதிப்புரிமையை அறக்கட்டளைக்கு எழுதித் தரவேண்டும் என்னும் நெடுநாள் கட்டாயத்தை நீக்கியது. இன்று ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பு வெளிவருகின்றது. ஆண்டின் ஒரு பகுதியில் புதியன புகும். பின்னர் வழுத்திருத்தம் மட்டும். முந்தைய பதிப்பில் சரியாக இயங்கிக் கெட்டுப்போனவற்றுள் முதன்மையானவை தீரும்வரை வெளியீடு இல்லை. ஆர்வலர் குன்றிய ஜாவா பகுதி 2017இல் நீக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோபால் மொழிக்குப் புதிய பகுதி 2025இல் சேர்ந்தது.

நீக்கமும் சேர்ப்பும் மொழிகளின் பெருமையைப் பொறுத்தன அல்ல. பொறுப்பேற்க ஆள் உண்டா என்பதையே பொறுத்தன. ஒப்பீட்டு விளைவுகளைக் குறிக்கும் பழைய உள்முறை ஒன்றை அடியோடு அகற்ற ஜிசிசியினர் சில ஆண்டுகளுக்கு முன் முடிவெடுத்தபோது, அம்முறையைச் சார்ந்திருந்த செயலிப் பகுதிகள் மாற்றி எழுதப்படாவிடில் கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டது. அப்பட்டியலில் 68000 குடும்பமும் வாக்ஸும் இருந்தன: 1987இல் முதல் வெளியீடு ஆதரித்த அதே இரண்டு. இரண்டும் விற்பனையிலிருந்து மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. 68000 குடும்பத்திற்காகப் பழங்கணிப்பொறி ஆர்வலர்கள் பணம் திரட்டிப் பரிசு அறிவித்தனர். அப்பகுதி 2019இன் இறுதியில் மாற்றி எழுதப்பட்டது. வாக்ஸின் பகுதி அடுத்த ஆண்டு மாற்றப்பட்டது. பழைய உள்முறை அதன்பின் அகற்றப்பட்டது. அவ்விரு செயலிகளும் ஜிசிசியின் பட்டியலில் இன்றும் உள்ளன.