பாட்டு நின்ற மாதங்கள்

1178இல், ஜெர்மனியில் நாகே நதி ரைனோடு கலக்குமிடத்தில் பிங்கனுக்கு எதிர்க்கரையிலிருந்த ரூப்பர்ட்ஸ்பெர்க் பெனடிக்டைன் கன்னிமடத்தில் பாட்டு நின்றது. மடத்தலைவி ஹில்டகார்டுக்கு அப்போது வயது எண்பது. முன்பு சபைநீக்கம் செய்யப்பட்டிருந்த ஒரு பிரபுவை மடத்து இடுகாட்டில் அடக்கம் செய்ய இடங்கொடுத்திருந்தார். அவன் சாகுமுன்னே பாவசங்கீர்த்தனம் செய்து சபையோடு சேர்ந்துவிட்டான் என்பது அவர் கட்சி. மைன்ஸ் நகரத்துத் திருச்சபை அதிகாரிகள் ஒப்பவில்லை. பிணத்தைத் தோண்டி அப்புறப்படுத்தச் சொன்னார்கள். அவர் மறுத்தார். தண்டனை வந்தது: பூசை இல்லை, நற்கருணை இல்லை, வழிபாட்டைப் பாடக்கூடாது, தாழ்ந்த குரலில் வாசித்துக்கொள்ளலாம்.

இது எத்தனை பெரிய தண்டனை என்பது அவர்களுடைய ஒரு நாளைப் பார்த்தால்தான் தெரியும். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் ஆண்களுக்காக எழுதி, பெண்களும் ஏற்றுக்கொண்ட விதிநூலில் 73 அத்தியாயங்கள். இரவில் ஒருமுறை, பகலில் ஏழுமுறை கூடிப் பாடவேண்டும். 150 சங்கீதங்களும் வாரத்துக்கு ஒரு சுற்று. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தேவனின் வேலை'. மணி கேட்டதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். உடுத்தபடியே தூக்கம், அறையில் விடியும்வரை விளக்கு. சாப்பாட்டின்போது ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் பேசாமல் கேட்கவேண்டும். இரவின் கடைசி வழிபாடு முடிந்தால் பேச்சே கூடாது.

இந்நூலில் என்னை நிறுத்திய இடம் சமையலறை. வாரமுறை முடிந்தவர் பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் பண்டசாலைக்காரரிடம் ஒப்படைக்கவேண்டும். கொடுத்தது எது, திரும்பியது எது என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தினமும் மாலையில் ரொக்கம் ஒப்படைக்கும் வங்கிக் குமாஸ்தா எனக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தப் பாத்திரங்களைப் பலிபீடத்துப் பாத்திரங்களாகவே கருதவேண்டும் என்றும் நூல் சொல்கிறது. அது எங்கள் கவுண்டரில் இல்லாதது. கணக்கும் பக்தியும் அங்கே ஒரே காரியம். அதை ஒன்றாகக் கட்டிவைத்தது எட்டு வேளைப் பாட்டு என்று எனக்குப் படுகிறது.

அது நின்றபோது ஹில்டகார்ட் மைன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீழ்ச்சிக்கு முன் ஆதாமின் குரலில் எல்லா இசையின் இனிமையும் இருந்தது. மனிதன் பாடும்போது இழந்த அந்தக் குரல் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் சாத்தானுக்குப் பாட்டு பொறுப்பதில்லை. தகுந்த நியாயமின்றிப் பாட்டை நிறுத்துகிறவர்களுக்குப் பரலோகத்துப் பாட்டில் பங்கில்லை. இதுதான் அவர் வாதம். எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றியவர் சொல்கிறார்.

அவரைப் புனிதப்படுத்திவிட வேண்டாம். உயர்குலத்துப் பெண்களை மட்டும் சேர்ப்பதேன் என்று வேறொரு மடத்துத் தலைவி கேட்டதற்கு, பலவகைக் கால்நடைகளை ஒரே தொழுவத்தில் அடைப்பாருண்டா என்ற தோரணையில் பதில் எழுதியவர்தான் இவர். ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. பிணத்தைத் தோண்ட மறுத்தவர், பாட்டை நிறுத்தச் சொன்னதற்குக் கீழ்ப்படிந்தார். முன்னது செத்தவனுக்கு இழைக்கும் அவமானம். பின்னது தங்களுக்கு நேரும் நஷ்டம். இந்த வேறுபாட்டில்தான் அவருடைய தார்மீகம் இருக்கிறது.

நமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த மாதங்களில் ஒரு சொல்லும் குறையவில்லை. எல்லாச் சங்கீதங்களும் வாசிக்கப்பட்டன. நின்றது ஓசை மட்டுமே. கவிதை கண்ணால் வாசிக்கப்படுவது, ஓசை கழற்றி எறியவேண்டிய பழஞ்சட்டை என்று புதுக்கவிதைக்காக வாதாடியவர்களில் நானும் ஒருவன். மேடைப் பாட்டின் இரைச்சலுக்கு எதிராக அன்று அது அவசியமாகவும் இருந்தது. ஆனால் நாம் சுதந்திரம் என்று எடுத்துக்கொண்டதை அந்தப் பெண்கள் தண்டனையாக அனுபவித்தார்கள். தமிழ் பைபிளில் அப்பாடல்களுக்குச் 'சங்கீதம்' என்று பெயரிட்டவருக்கு இது தெரிந்திருக்கிறது.

1179 மார்ச்சில் தடை நீங்கியது. மடம் மறுபடி பாடிற்று. அதே வருஷம் செப்டம்பர் 17இல் ஹில்டகார்ட் இறந்தார். 1632இல் முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படை மடத்தை அழித்தது. பாடல்கள் ஏட்டில் தப்பின.

இப்போதெல்லாம் கவிதை படிக்கையில் உதடு அசைந்தால் நான் தடுப்பதில்லை.