கன்னியாகுமரிக்குப் போயும் பன்னீர் பட்டர் மசாலாவா? பழகிய சாப்பாடு, ஊர்ச் சாப்பாடு: டூரில் எதை நம்பிச் சாப்பிடலாம்?

அசாமின் திப்ருகரில் கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரிக்கு வந்து சேர மூன்று நாளுக்கு மேல் ஆகும். தூரம் ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வந்து இறங்குகிறவர்கள் முக்கடல் சங்கமம் பக்கம் நடந்தால், கண்ணில் படும் போர்டுகளில் பாதி அவர்கள் ஊர்ச் சாப்பாடுதான். குஜராத்தி தாலி, வங்காளிச் சாப்பாடு, தால், சப்பாத்தி, கூடவே நூடுல்ஸும் ஃப்ரைட் ரைஸும். இந்த மாவட்டத்தின் கிழங்கும் மீன்கறியும் வேணும்னா கொஞ்சம் தேடணும்.

இதைப் பார்த்து சிரிக்க வேண்டாம். நாமும் அப்படித்தான். வெளிநாட்டு டூர் விளம்பரங்களில் 'மூணு வேளையும் தென்னிந்திய சாப்பாடு' என்ற வரி இல்லாமல் டிக்கெட் விற்காது. சிங்கப்பூர் போனா சிராங்கூன் சாலையில் இட்லி தேடுகிறோம். 1981-ல் சென்னையில் தொடங்கிய சரவண பவன் 2000-ல் துபாய்க்குப் போனதும் இந்தப் பசியை நம்பித்தான்.

தெரியாத சாப்பாட்டுக்கு ஏன் தயங்குகிறோம்?

மனுசன் எதை வேணும்னாலும் தின்னக்கூடிய உயிர். அதனாலேயே புதுசா ஒன்றைப் பார்த்தால் ஆசையும் வரும், 'விஷமா இருந்தா?' என்ற பயமும் வரும். அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1976-லேயே இந்த இழுபறியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊரில் இருக்கும்போது ஆசை ஜெயிக்கும். பயணக் களைப்பு, கூடவே குழந்தை, காலையில் பஸ் பிடிக்கணும் என்ற நிலையில் பயம்தான் ஜெயிக்கும்.

ஆனா அந்தப் பயம் தப்பான பக்கம் பார்க்கிறது. டூரில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் மசாலா இல்லை, கிருமி. சுத்தமில்லாத தண்ணீர், கழுவாத கை, சமைத்து மணிக்கணக்கில் வெளியே வைத்த பண்டம், இவைதான் காரணம். காலையில் செய்து மதியம் சூடு காட்டிய பன்னீர் கிரேவியை விட, கண்ணெதிரே ஆவி பறக்க எடுத்துத் தரும் புட்டு பாதுகாப்பானது. பேர் தெரிந்த சாப்பாடு என்பதால் அது சுத்தமான சாப்பாடு ஆகிவிடாது.

இந்த ஊர்ச் சாப்பாட்டில் அப்படி என்ன இருக்கு?

தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைக்காத கலவை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ம் தேதி வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. இதில் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நெல் விளையும் நாஞ்சில் நாடு. அதனால் இலையில் சாம்பாரும் ரசமும் இருக்கும், எரிசேரியும் புளிசேரியும் ஓலனும் இருக்கும். சாம்பாரிலேயே தேங்காயை வறுத்து அரைத்து விடுவார்கள். அதே தேங்காயை இன்னும் கருக வறுத்து, மல்லி, மிளகாயோடு அரைத்து, புளி விட்டுக் கொதிக்க வைத்தால் தீயல். உள்ளித் தீயலை ஒருமுறை சாப்பிட்டவர்கள் அடுத்த தடவை பேரைச் சொல்லிக் கேட்பார்கள்.

மரச்சீனிக் கிழங்குக்குத் தனிக் கதை. 1880-களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் இந்தப் பயிரைப் பரப்பினார் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது, ஏழைகளின் வயிற்றை நிறைத்தது இந்தக் கிழங்குதான். பஞ்சத்துச் சாப்பாடு இன்று ஆசையாகக் கேட்டு வாங்கும் பண்டமாகிவிட்டது. பச்சைக் கிழங்கில் சயனைடாக மாறும் பொருள் உண்டு. அதான் தோல் உரித்து, நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள். தலைமுறைகளாகச் சமைப்பவர் கையில் இதில் பயமே இல்லை. யூடியூப் பார்த்து ரிசார்ட் கிச்சனில் நீங்களே செய்யப் போனால்தான் கவனம் வேணும்.

மீன் விஷயத்தில் மட்டும் உஷார்

நெத்திலி மாங்காய் போட்ட புளிமுளம், சாளை, அயிலை, சூரை எல்லாம் சாப்பிடலாம். ஆனா சூரை, அயிலை போன்றவற்றைப் பிடித்ததும் ஐஸில் வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வரும். 'எனக்கு மீன் அலர்ஜி' என்று பலர் நினைத்துக்கொள்வது இதைத்தான். வாயில் வைத்ததும் மீனே மிளகு மாதிரி சுள்ளென்று இருந்தால் அதோடு நிறுத்திவிடுங்க.

இன்னொன்று. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இந்த மாவட்டத்தில் இரண்டு. கிழக்குக் கடற்பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போ வள்ளத்துக்காரர்கள் கொண்டுவரும் மீன்தான் புதுசு. வரத்து குறைவு, விலை கூடுதல். சீசனில் கோடை விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். 'இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?' என்று கேளுங்க. மெனு கார்டைக் காட்டாமல் பேர் சொல்லிப் பதில் சொல்லும் கடை நல்ல கடை.

சைவம் மட்டுமே சாப்பிடுவோம், என்ன செய்வது?

விரதம் இருப்பவர்கள், சமணர்கள், சர்க்கரை நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்கள் பழகிய சாப்பாட்டையே தேடுவதில் தப்பே இல்லை. ஆனா பலருக்குத் தெரியாதது, நாஞ்சில் நாட்டுச் சைவ இலை இந்தியாவிலேயே பணக்கார இலைகளில் ஒன்று. அவியலும் ஓலனும் வழக்கமாக வெங்காயம், பூண்டு சேராதவை. முதல் தடையாக இருப்பது தேங்காய் எண்ணெய் வாசம்தான், ரெண்டாம் நாள் பழகிவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பரோட்டாக் கடையில் என்ன இறைச்சி என்று கேட்டுவிட்டு உட்காருவது நல்லது. இந்த மாவட்டத்தில் மாட்டிறைச்சி சாதாரணம்.

குழந்தைக்கு மட்டி வாழைப்பழம் கொடுங்க. விரல் நீளப் பழம், மணம் தூக்கும். இங்கே கைக்குழந்தைகளுக்கே கொடுப்பது வழக்கம். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாமே தோல் உரித்துச் சாப்பிடுவதால் சுத்தம் பற்றிய கவலையும் குறைவு.

காசு யாருக்குப் போகிறது?

இதுதான் ஊர்க்காரர்களின் வருத்தம். பன்னீரும் பாக்கெட் மசாலாவும் வெளியிலிருந்து லாரியில் வருகிறவை. கிழங்கும் தேங்காயும் மட்டியும் சாளையும் இந்த மண்ணிலும் கடலிலும் கிடைப்பவை. கண்ணாடிப் பாலம் பார்க்க வந்து, திருவள்ளுவர் சிலை முன்னால் செல்ஃபி எடுத்து, பர்கர் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் குளச்சல் மீனவருக்கும் ஈத்தாமொழி தென்னை விவசாயிக்கும் அந்தப் பயணத்தில் பங்கே இல்லை.

சுருக்கமா, எப்படிச் சாப்பிடலாம்?

முதல் நாள் பழகியதைச் சாப்பிடுங்க, களைப்பு தீரட்டும். ரெண்டாம் நாள் ஒரு வேளையை மட்டும் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்க, அதுவும் மதியம். சங்கமத்தை விட்டு 20 கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவில் போனால் உள்ளூர்க்காரர்களே வரிசையில் நிற்கும் கடைகள் உண்டு. சாயங்காலம் ரசவடையும் ஏத்தன் பழ பஜ்ஜியும் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிடலாம். தேங்காய்ச் சட்னி காலையில் அரைத்தது என்றால் தொடாதீங்க. வயிறு கெட்டுவிட்டால் ஓ.ஆர்.எஸ். கரைசல் குடியுங்க. காய்ச்சலோ ரத்தமோ கண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்க. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஊருக்கு எடுத்துப் போக நேந்திரங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் சரி, ரயிலில் பல நாள் தாங்கும். பேரில்தான் முந்திரி. உள்ளே இருப்பது வறுத்த சிறுபயறு மாவும் வெல்லப்பாகும். மட்டிப் பழத்தை மட்டும் இங்கேயே சாப்பிட்டு முடிச்சிருங்க, திப்ருகர் வரை தாங்காது.