லிவிங்ஸ்டோனியா மிஷன்

லிவிங்ஸ்டோனியா மிஷன் என்பது ஸ்காட்லாந்து சுயாதீன சபை 1875ல் நியாசா ஏரிக்கரையில் தொடங்கிய கிறிஸ்தவ ஊழியம். அந்த ஏரி இன்று மலாவி ஏரி எனப்படுகிறது. மிஷன் வேரூன்றியது மலாவி நாட்டின் வட பகுதியில். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அச்சகம், தொழிற்பயிற்சி ஆகியவற்றால் ஒரு வட்டாரத்தின் வாழ்க்கையையே திருப்பிவிட்ட மிஷன்களுள் இது முக்கியமானது. அரை நூற்றாண்டு இதை நடத்திய டாக்டர் ராபர்ட் லாஸின் பெயர்தான் வெளியுலகத்துக்குத் தெரியும். ஊர் ஊராக நடந்து வேலையைச் செய்து முடித்தவர்களோ ஆப்பிரிக்க உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும். இந்த மிஷன் சாதித்ததையும் சறுக்கியதையும் அவர்களை வைத்தே அளக்க வேண்டும்.

தொடக்கம்

டேவிட் லிவிங்ஸ்டன் 1873 மே மாதம் இன்றைய ஜாம்பியாவில் இலாலா என்ற பகுதியில் இறந்தார். 1874 ஏப்ரலில் அவர் உடல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த மாதமே, தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் கல்வி நிலையத்தை நடத்திவந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், லிவிங்ஸ்டன் பெயரில் ஏரிக்கரையில் ஒரு மிஷன் வேண்டும் என்று சபையின் பொதுப் பேரவையில் கேட்டார். கிளாஸ்கோ தொழிலதிபர்கள் பணம் தந்தார்கள். அப்போது சபையின் அயல்நாட்டு ஊழியக் குழுவுக்குத் தலைவர் கல்கத்தாவில் கல்விப்பணி செய்து பெயர்பெற்ற அலெக்சாண்டர் டஃப். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்ததும் இதே சபைதான். பள்ளிக்கூடம் இல்லாமல் சபை நிலைக்காது என்ற அவர்களது நம்பிக்கை இந்தியாவில் உறுதிப்பட்டு, ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று.

முதல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கடற்படை அதிகாரி எட்வர்ட் யங். அவர்கள் கொண்டுவந்த சிறு நீராவிக் கப்பலுக்கு லிவிங்ஸ்டன் இறந்த இடத்தின் பெயரையே, ‘இலாலா’ என்று, வைத்திருந்தார்கள். சாம்பெசி, ஷிரே ஆறுகள் வழியே ஏரிக்குப் போகலாம். ஆனால் ஷிரே ஆற்றில் மர்ச்சிசன் நீர்வீழ்ச்சித் தொடர் சுமார் 100 கிலோமீட்டருக்குக் குறுக்கே கிடக்கிறது. அங்கே கப்பலைத் தகடு தகடாகக் கழற்றினார்கள். ஓர் ஆள் தலையில் தூக்கக்கூடிய சுமைகளாகப் பிரித்தார்கள். பிரிக்க முடியாத கொதிகலன் உறுப்புகளை ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து இழுத்தார்கள். எண்ணூறுக்குக் குறையாத ஆப்பிரிக்கச் சுமையாட்கள், துணியைக் கூலியாகப் பெற்று, சுட்டெரிக்கும் வெயிலில் அந்தப் பாறைவழியைக் கடந்தார்கள். மேட்டில் மறுபடி பூட்டிப் பார்த்தபோது ஒரு திருகாணிகூடக் குறையவில்லை என்று யங் வியந்து சொன்னார். 1875 அக்டோபர் 12 அன்று இலாலா ஏரிக்குள் நுழைந்தது. அந்த ஏரியில் ஓடிய முதல் நீராவிக் கப்பல் அதுவே. அதைத் தூக்கிவந்தவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த வரலாற்றில் பெரிய குறை அது.

கேப் மக்ளியர், பண்டாவே

ஏரியின் தென்முனையில் கேப் மக்ளியரில் முதல் நிலையம் அமைந்தது. அழகான குடா, கொடிய மலேரியா. ஆறு ஆண்டுகளில் ஐந்து கல்லறைகள் எழுந்தன. ஞானஸ்நானம் பெற்றவர் 1881ல் ஆல்பர்ட் நமலம்பே ஒருவர் மட்டுமே. மிஷன் அங்கிருந்து கிளம்பிய பிறகும் நமலம்பே அங்கேயே தங்கிப் பள்ளியையும் ஆராதனையையும் நடத்தினார். வெள்ளைக்காரர் ஒருவரும் தங்கமுடியாத இடத்தில் ஊழியத்தைக் காப்பாற்றியவர் அவர்.

அடிமை வியாபாரிகளிடமிருந்து தப்பிவந்தவர்கள் மிஷனில் அடைக்கலம் தேடினார்கள். அதனால் நிலையம் ஒரு சிறு அரசாங்கம்போல ஆயிற்று. வழக்கு விசாரிப்பது, தண்டிப்பது எல்லாம் மிஷனெரிகள் தலையில் விழுந்தது. தெற்கே பிளாண்டயரில் இருந்த சகோதர மிஷனில் இது கசையடிக்கும் ஒரு மரணதண்டனைக்கும்கூடப் போய், ஸ்காட்லாந்தில் பெரும் கண்டனம் எழுந்து, விசாரணை நடந்தது. சுவிசேஷம் சொல்லவந்தவர் கையில் சாட்டை இருந்ததை எந்தச் சூழ்நிலையைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

1881ல் தலைமை நிலையம் மேற்குக் கரையில் டோங்கா மக்கள் வாழும் பண்டாவேக்கு மாறியது. மலைப்பக்கம் இருந்த ங்கோனிப் படைகளுக்கு அஞ்சி டோங்காக்கள் மரவேலிக் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. இந்த இரு மக்களுக்கும் நடுவே சமாதானத்தைக் கொண்டுவந்ததில் லாஸை விட ஒரு படி மேலே வைக்கவேண்டியவர் வில்லியம் கோயி.

கோயி தென்னாப்பிரிக்கக் கோசா இனத்தவர். லவ்டேலில் படித்தவர். 1876ல் இன்னும் மூன்று கோசா தோழர்களோடு மிஷனில் சேர்ந்தார். ஒருவர் அடுத்த ஆண்டே நோயில் இறந்தார். இன்னொருவர் உடல்நலம் கெட்டுத் திரும்பினார். கோயி தங்கினார். ங்கோனிகள் தெற்கிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். கோசா மொழி அவர்கள் மொழிக்கு நெருங்கிய உறவு. அதனால் ங்கோனி மன்னர் மும்பெல்வாவின் அவையில் உட்கார்ந்து, மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் அவர்கள் வழக்கப்படியே பேசக்கூடியவராக அவர் இருந்தார். பல ஆண்டுகள் பள்ளி திறக்கக்கூடாது, பிரசங்கம் கூடாது என்ற தடை. கோயி சண்டை போடவில்லை, விட்டுப்போகவும் இல்லை. 1886ல் மன்னர் பள்ளிக்கு அனுமதி தந்தார். செய்தி வந்தபோது கோயி மரணப்படுக்கையில் இருந்தார். நிஜூயு என்ற ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள். மேடுநாட்டில் பிற்பாடு எழுந்த சபைகள் அனைத்தும் அந்தப் பத்தாண்டுப் பொறுமையின் மேல் நிற்பவை.

மலைமேல் ஒரு நிறுவனம்

1894ல் லாஸ் வடக்கே கொண்டோவே மேட்டைத் தேர்ந்தெடுத்தார். ஏரியிலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கொசுத் தொல்லை குறைவு. அங்கே எழுந்தது ஓவர்டவுன் நிறுவனம். பணம் கொடுத்த ரசாயனத் தொழிலதிபர் ஓவர்டவுன் பிரபுவின் பெயர் அதற்கு. ஆசிரியர் பயிற்சி, இறையியல், தச்சு, கொத்துவேலை, அச்சுவேலை, தந்தி, விவசாயம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. மேட்டின் செங்குத்துச் சரிவில் கொண்டையூசி வளைவுகளாக ஒரு பாதை வெட்டினார்கள். 1904ல் ஓடைநீர் குழாயில் வந்தது. 1905ல் மஞ்சேவே அருவி நீரால் சுழலியை ஓட்டி மின்விளக்கு எரிந்தது. அந்தப் பிராந்தியம் முழுவதும் அது புதுமை. லாஸ் குடியிருந்த கல்வீடு இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இவை பெரிய சாதனைகள்தான். ஆனால் விளக்கு எரிந்தது மேட்டின் மேல். கீழே ஊர்களில் அல்ல. தச்சும் கொத்தும் கற்ற இளைஞனுக்குத் தன் ஊரில் வேலை இல்லை. பிரிட்டிஷ் ஆட்சி 1891ல் வந்து, குடிசைவரி விதித்தது. இந்த ஆட்சியை ஆதரித்து ஸ்காட்லாந்தில் மனுப்போட்டுக் குரல்கொடுத்தவர்களுள் மிஷன்காரர்களும் உண்டு. மூன்று ஷில்லிங்காக இருந்த வரி 1902 வாக்கில் ஆறு ஷில்லிங் ஆயிற்று; வெள்ளைக்காரரிடம் ஒரு மாதம் வேலை செய்தவருக்குப் பாதி தள்ளுபடி. வடக்கில் தோட்டங்கள் இல்லை. ஆகவே எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் ரொடீஷியாவுக்கும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கும் நடந்தார்கள். பிழைப்புக்கு வழி உள்ளூரில் இல்லாதபோது, பள்ளிக்கூடம் ஊரை வளர்ப்பதோடு ஊரைக் காலியும் செய்யும். லிவிங்ஸ்டோனியா இதற்குக் கடைசிவரை மருந்து காணவில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடம்

மிஷனின் உயிர்நாடி மேட்டில் இல்லை, ஊர்ப் பள்ளிகளில் இருந்தது. ஊரார் தாங்களே மரம் வெட்டி, மண்சுவர் எழுப்பி, புல்கூரை வேய்ந்து கட்டியவை அவை. சுவரில் எழுத்து அட்டை. அதைச் சுற்றிச் சிறுவர்களும் பெரியவர்களும் ஒன்றாக நின்று படித்தார்கள். மழை தொடங்கி மண்வெட்டி எடுக்கும் பருவத்தில் பள்ளிக்கு விடுமுறை. ஆசிரியருக்குச் சம்பளம் மாதம் சில ஷில்லிங். அந்த ஆசிரியரே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியாரும்.

1896ல் வந்த டொனால்ட் ஃபிரேசர் ங்கோனிப் போர்ப்பாட்டு, கல்யாணப்பாட்டு மெட்டுகளில் கீர்த்தனைகள் இயற்ற ஊக்கம் தந்தார். திருவிருந்துக் கூட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடி, புதுப்பாட்டுகளைப் பாடிக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். மவெலேரா டெம்போ, பீட்டர் தோலே போன்ற உள்ளூர்ப் பாடலாசிரியர்கள் இப்படித்தான் எழுந்தார்கள். ஃபிரேசரின் மனைவி ஆக்னஸ் டாக்டர். லவுடன் நிலையத்தில் அவர் மருத்துவப்பணி செய்தார். பள்ளியிலும் சபையிலும் டும்புகா மொழி ஓங்கியதும் இந்தத் தலைமுறையில்தான். இன்று வட மலாவியின் பொதுமொழி அதுவே.

அதிகாரம் கைமாறாத குறை

இவ்வளவு வேலை செய்த ஆப்பிரிக்கர்களுக்கு மிஷன் அதிகாரம் தர மிகவும் தயங்கியது. யெசாயா ஸெரெஞ்சே முவாசி, ஹெசக்கியா ட்வேயா, ஜோனத்தான் சிர்வா மூவரும் குருப்பட்டம் பெற்றது 1914ல். மிஷன் தொடங்கி 39 ஆண்டுகள் கழித்து. ஞானஸ்நானத்துக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பள்ளிக் கட்டணம் வேறு வந்தது. 1908ல் டோங்கா இளைஞர் எலியட் கம்வானா தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி, காத்திருக்கவேண்டாம், கட்டணமும் வேண்டாம் என்று பிரசங்கித்தபோது, சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். அரசாங்கம் அவரை வட்டாரத்தை விட்டே அகற்றியது. நிறுவனத்தின் மிகச்சிறந்த மாணவர்களுள் ஒருவரான சார்லஸ் டொமிங்கோ அதே காலத்தில் விலகினார். 1933ல் முவாசியும் வெளியேறித் தனிச்சபை கண்டார். இவர்களைக் கலகக்காரர்கள் என்று எழுதிய பழைய மிஷன் நூல்களின் பார்வை தவறு. எல்லோரும் ஒரே மேசையில் என்று வேதாகமத்தில் படித்ததை மேசையிலும் எதிர்பார்த்தார்கள், அவ்வளவே.

அரசியலிலும் இந்தப் பள்ளிகளின் தடம் ஆழமானது. வட நியாசா மக்கள் சங்கத்தை 1912ல் அமைத்தவர்களுள் ஒருவரும், 1944ல் நியாசாலாந்து (காலனிக்கால மலாவி) ஆப்பிரிக்கக் காங்கிரசின் முதல் தலைவருமான லெவி மும்பா இங்கே படித்தவர். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத் தொழிலாளருக்குப் பெரும் தொழிற்சங்கம் கண்ட கிளெமன்ட்ஸ் கடாலியும் அப்படியே. ஜாம்பியாவின் முதல் அதிபர் கென்னத் கவுண்டாவின் தந்தை டேவிட் கவுண்டா, இந்த மிஷன் சின்சாலி வட்டாரத்துக்கு அனுப்பிய ஆசிரியர். மலாவியின் முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் எழுத்தறிவும் கசுங்கு பக்கத்து மிஷன் பள்ளியில் தொடங்கியது.

சபையாக மாறியது

1924ல் லிவிங்ஸ்டோனியா மிஷனின் சபைகளும் பிளாண்டயர் மிஷனின் சபைகளும் இணைந்து மத்திய ஆப்பிரிக்க பிரஸ்பிட்டேரியன் சபை உருவானது. லாஸ் 1927ல் ஊர் திரும்பினார், 1934ல் இறந்தார். மேட்டில் பல்கலைக்கழகம் அமைக்க அவர் கண்ட கனவு அவர் காலத்தில் கைகூடவில்லை. 2003ல்தான் லிவிங்ஸ்டோனியா பல்கலைக்கழகம் தொடங்கியது.

1959ல் காலனி அரசு அவசரநிலை அறிவித்துக் காங்கிரஸ் தலைவர்களைச் சிறையிலிட்டபோது, மேட்டில் இருந்த மிஷனெரிகளுக்கு விமானத்திலிருந்து ஒரு செய்தி போடப்பட்டது: வெளியேற்ற வேண்டுமா, தரையில் அடையாளம் காட்டுங்கள். அவர்கள் கற்களை அடுக்கி, எபேசியர் நிருபம் 2ஆம் அதிகாரம் 14ஆம் வசனம் என்று எழுதிவைத்தார்கள். இரு சாராரை ஒன்றாக்கி நடுச்சுவரை இடித்த கிறிஸ்துவைப் பற்றிய வசனம் அது. யாரும் வெளியேறவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் முவாசி தலைமுறைக்குக் கிடைக்காத பதில் அன்று அந்தக் கற்களில் கிடைத்தது.

இப்போது எக்வெண்டேனி, எம்பங்வேனி, லிவிங்ஸ்டோனியா மருத்துவமனைகளை மலாவிச் சபையே நடத்துகிறது. எக்வெண்டேனியில் ஊட்டக்குறைவோடு வந்த குழந்தைகளின் நோய்க்கு வேர் வயலில் இருக்கிறது என்று மருத்துவமனை ஊழியர்கள் கண்டார்கள். உரவிலை ஏறி, மக்காச்சோளம் ஒன்றையே விதைத்து, மண் சத்திழந்திருந்தது. 2000ல் சில ஊர்களின் விவசாயிகளோடு சேர்ந்து துவரை, நிலக்கடலை, சோயா ஆகியவற்றை ஊடுபயிராகவும் மாற்றுப்பயிராகவும் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். எந்தப் பயிர், எவ்வளவு, எங்கே என்பதை விவசாயிகளே, அவர்களுள் பெண்களே அதிகம், சோதித்து முடிவு செய்தார்கள். அறுவடைக்குப் பின் இலைதழையை எரிக்காமல் மண்ணில் புதைப்பதும், பருப்பைக் குழந்தைக் கஞ்சியில் சேர்ப்பதும் ஊர்க்கூட்டங்களில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துப் பரவின. இன்று வட மலாவியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த முறையில் பயிரிடுகின்றன.