சாயாத எழுத்தும் 'தான்' என்கிற சொல்லும்

ஆங்கிலத்தில் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவர்களுக்குள் ரொம்ப நாளாக ஒரு சண்டை உண்டு. கையெழுத்துப்படியை கூரியர் எழுத்துருவில் அனுப்புவதா, டைம்ஸ் நியூ ரோமனிலா? அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு போடுவதா, சாய்வெழுத்தா? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வேலையத்த சண்டை மாதிரித் தெரியும். ஆனால் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கூரியர், 1950களில் ஐ.பி.எம். தட்டச்சுப் பொறிக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த எழுத்து. அதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். சாதாரணத் தட்டச்சுப் பொறியில் சாய்வு கிடையாது. ஆகவே எழுத்தாளர் ஒற்றைக் கோடு போட்டால் அச்சுக்கூடத்தில் கம்போசிட்டர் அதைச் சாய்வெழுத்தில் கோர்ப்பார், நெளிகோடு போட்டால் தடித்த எழுத்தில். கோடு என்பது கம்போசிட்டருக்கு எழுத்தாளர் போட்ட உத்தரவு. கணினி வந்து சாய்வு எல்லார் கைக்கும் கிடைத்த பிறகும் பழக்கம் போகவில்லை. எம்.எல்.ஏ. கையேடு 2009-ல் வந்த ஏழாம் பதிப்பில்தான் அடிக்கோட்டை விட்டுச் சாய்வுக்கு மாறியது. (நம்ம தொகுதி எம்.எல்.ஏ. இல்லைங்க, மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்.)

இதே கேள்வியைத் தமிழில் கேட்டால் முதல் அடியிலேயே இடறுகிறது. அடிக்கோடு சாய்வுக்கு மாற்று என்கிறார்கள். நம்மிடம் சாய்வு எப்போது இருந்தது?

ஐரோப்பாவில் சாய்வெழுத்து அழுத்தத்துக்காகப் பிறக்கவில்லை. வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனுட்டியஸ் 1501-ல் வர்ஜில் கவிதைகளைச் சின்னப் புத்தகமாக முழுக்கச் சாய்வெழுத்திலேயே அச்சிட்டார். அந்த எழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. படித்தவர்கள் வேகமாக எழுதும் கையெழுத்தைப் பார்த்து வெட்டியது அது. நேரெழுத்து ஒரு கை, சாய்வு இன்னொரு கை. இரண்டும் தனித்தனியாக இருந்து, பிறகு ஒரே பக்கத்தில் சேர்ந்தபோதுதான் சாய்வுக்கு 'இங்கே கவனி' என்ற வேலை வந்தது.

தமிழில் அப்படி இரண்டு கை சேரவில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடமே விடமாட்டார்கள், அப்புறம் எங்கே சாய்ப்பது? பிள்ளையார் சுழி உண்டு. ௵, ௸ மாதிரிக் குறியீடுகள் உண்டு. ஆனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் வைக்கமாட்டார்கள் (குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம்). ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் தெரியாது. 'சரபம்' என்று கீறியதைச் 'சாபம்' என்றும் படிக்கலாம். எழுத்தே இப்படி என்றால், எது முக்கியமான சொல் என்பதை ஓலை எங்கே சொல்லப்போகிறது?

இது வெறும் வேடிக்கைச் செய்தி இல்லை. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-லும் பத்துப்பாட்டை 1889-லும் பதிப்பித்தபோது பட்ட பாட்டில் பெரும் பங்கு இதில்தான். மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் ஓலையில் ஒரே கையெழுத்தில், ஒரே அளவில், இடைவெளி இல்லாமல் ஓடும். எந்த இடத்தில் செய்யுள் முடிந்து உரை தொடங்குகிறது? உரைக்குள் வருகிற அடி இந்த நூலின் அடியா, வேறு நூலிலிருந்து மேற்கோளா? இன்றைக்கு இருக்கிற தடித்த எழுத்தும் மேற்கோள் குறியும் செய்கிற வேலையை அவர் ஞாபகத்தாலும் யாப்பறிவாலும் செய்தார். பிறகு அச்சில் மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சின்ன எழுத்திலும் போட்டார்கள். இன்று அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது அது நமக்கு இயல்பான ஏற்பாடாகத் தோன்றுகிறது. எழுத்தின் அளவு மாறும் ஒவ்வொரு இடமும் ஒரு பதிப்பாசிரியர் ராத்திரி விழித்து எடுத்த முடிவு.

கவனித்தால், தமிழ் அச்சு கைக்கொண்டது பெரிது-சிறிது என்கிற வேறுபாட்டை. நேர்-சாய்வை அல்ல. இது ரொம்பப் பழைய கதை. தரங்கம்பாடியில் சீகன்பால்குக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து 1713-ல் தமிழ் எழுத்துகள் வந்தபோது அவை மிகப் பெரிதாக இருந்தன. காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் சின்ன எழுத்தை இங்கேயே வார்த்து, புதிய ஏற்பாட்டை 1715-க்குள் அச்சிட்டு முடித்தார்கள். பிறகு வந்தவர்களும் அளவைக் குறைப்பதிலும் வடிவைத் திருத்துவதிலும்தான் கவனம் வைத்தார்கள். காரணம் எளிது. ஆங்கிலத்துக்கு ஒரு சாய்வெழுத்துத் தொகுதி என்றால் இருபத்தாறு சிறிய எழுத்து, இருபத்தாறு பெரிய எழுத்து, எண்கள், குறிகள், அவ்வளவே. தமிழில் கு, கூ, ழு, ழூ எல்லாம் தனி அச்சு. ஊரில் இருக்கும் சின்ன அச்சகம் ஒரு அளவுக்கே நூற்றுக்கும் மேற்பட்ட வகை அச்சுகளைக் கேஸில் அடுக்கி வைக்க வேண்டும். அதே அளவில் தடித்த எழுத்து ஒரு தொகுதி வாங்கி வைத்தாலே பெரிய விஷயம். சாய்வுக்கு இன்னொரு தொகுதி என்றால் கடன்தான் வாங்கணும்.

இந்தச் சுமை நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஈரோட்டிலிருந்து வந்த 'குடி அரசு' இதழில் பெரியார் 1935-ல் ணா, றா, னா, ணை, லை மாதிரியான பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது, சொன்ன காரணங்களில் அச்சுக் கோர்ப்பதும் தட்டச்சும் எளிதாகும் என்பதும் ஒன்று. அரசு அதை ஏற்க 1978 ஆனது. அந்தச் சீர்திருத்தத்தைக் கொள்கையாக மட்டும் பேசுகிறோம். ஈய எழுத்தை விரலால் பொறுக்கினவர்களின் பிரச்சினையாகவும் அதைப் பார்க்கணும்.

சரி, சாய்வும் இல்லை, ஓலையில் தடிப்பும் இல்லை. அப்படியானால் தமிழில் எழுதினவர்கள் அழுத்தத்தை எங்கே வைத்தார்கள்? என் முடிவு: சொல்லுக்கு உள்ளேயே வைத்தார்கள். ஆங்கிலத்தில் பக்கத்தின் மேல் செய்கிற வேலையைத் தமிழ் இடைச்சொல்லால் செய்துவிடுகிறது. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது. முதலில் சொல்வது தேற்றம். தேற்றம் என்றால் உறுதி, அழுத்தம். நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கும்.

நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்கலாம். 'முதலாளி சனிக்கிழமை சம்பளம் கொடுத்தார்.' ஆங்கிலக்காரர் இதில் ஒவ்வொரு சொல்லாகச் சாய்த்துச் சாய்த்து நாலு அர்த்தம் வரவைப்பார். நாம்? 'முதலாளியே கொடுத்தார்' என்றால் மேனேஜர் கொடுக்கவில்லை. 'சனிக்கிழமையே கொடுத்தார்' என்றால் திங்கட்கிழமைக்கு இழுக்கவில்லை. 'சம்பளம்தான் கொடுத்தார்' என்றால் போனஸ் இல்லை. 'கொடுக்கத்தான் கொடுத்தார்' என்றால், கொடுத்தது உண்மை, ஆனா அதுல என்னமோ குறை இருக்குது. இந்தக் கடைசி வாக்கியத்தை எந்தச் சாய்வெழுத்தும் செய்யாது. அளபெடையைக்கூட இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஓசையை நீட்டி எழுதிக் காட்டும் வழக்கம் செய்யுளில் எப்போதோ வந்துவிட்டது. இன்று 'ரொம்பபபப' என்று தட்டுகிறவரைப் பார்த்துப் பண்டிதர்கள் முகம் சுளிக்கத் தேவையில்லை.

அதனால்தான் 'தான்' என்பதையும் தடித்த எழுத்தையும் ஒரே சொல்லில் போட்டிருக்கும் கட்டுரையைப் படித்தால் எனக்குக் காது வலிக்கும். ஒரு ஆணியை இரண்டு தடவை அடிக்கிற மாதிரி.

இந்த விஷயத்தை யோசிக்க வைத்தது படிப்பு அல்ல, பிழைப்பு. பல்லடம் சாலையில் வீரபாண்டி பிரிவுக்குப் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் சில வருஷம் வேலை பார்த்தேன். பனியன் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி மார்க், லேபிள், கல்யாணப் பத்திரிகை, இவற்றுக்கு நடுவில் எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. எழுதுகிறவர்களில் பலர் பகலில் கம்பெனியில் இருப்பவர்கள். நோட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். நிறையப் பேர் முக்கியமான வரிக்கு அடிக்கோடு போட்டிருப்பார்கள். "அண்ணா, இதை போல்டு பண்ணட்டுங்களா, கோடாவே விடட்டுங்களா?" என்று கேட்டால், "உனக்கு எது நல்லா இருக்குதோ அதைப் போடு தம்பி" என்பதுதான் பதில். ஆங்கிலத்தில் கோடு ஒரு உத்தரவு. இங்கே அது ஒரு வேண்டுகோள். கோட்டை அப்படியே விட்டால் இன்னொரு சங்கடம்: தமிழ் எழுத்து கோட்டுக்குக் கீழே நிறையத் தொங்கும். 'திருப்பூர்' என்று எழுதி அடிக்கோடு போட்டுப் பாருங்கள், ரு-வின் வாலும் பூ-வின் வாலும் வெட்டுப்படும். சாய்வைத் தட்டினால் அந்தக் காலத்து எழுத்துரு பெரும்பாலானவற்றில் சாய்வுக்கெனத் தனி வடிவம் இல்லை. கணினி நேரெழுத்தையே பிடித்துத் தள்ளிவிடும். கொம்பும் சுழியும் சேர்ந்து சரியும்போது 'ணெ' எல்லாம் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி ஆகும்.

அப்போது 'உங்களுக்குப் பிடித்த எழுத்துரு எது' என்பது ரசனைக் கேள்வியே இல்லை. பாமினி, வானவில், ஸ்ரீலிபி, செந்தமிழ் என்று ஒவ்வொன்றிலும் எழுத்துகள் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். எழுத்தாளர் தன் கதையோடு எழுத்துருவையும் ஃபிளாப்பியில் போட்டுக் கொடுக்க வேண்டும். நாளிதழ்களின் இணையதளங்கள்கூட அவரவர் எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொன்ன காலம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகைக்கும் டாம், டாப் குறியாக்கங்களுக்கும் ஒரு தரம் வைத்தது. விண்டோஸ் 2000-த்தோடு லதா எழுத்துரு வந்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது.

யூனிகோடு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மாற்றித் தருகிற கருவிகளில் பல வெறும் எழுத்தை மட்டும் மாற்றும். பழைய கோப்பை அதில் ஒட்டினால் தமிழ் வரும், தடிப்பும் சாய்வும் கோடும் வராது. ஒரு நாவலில் கதாபாத்திரம் மனசுக்குள் பேசுவதை மட்டும் தடித்த எழுத்தில் பிரித்திருந்தார் ஒருவர். மாற்றிய கோப்பில் அந்த அம்மாவின் பேச்சும் நினைப்பும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மூலமும் உரையும் கலந்த ஓலை மாதிரியேதான். அச்சான பிரதி ஒன்று கையில் இருந்ததால் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பிரித்தோம். 1990களில் அடித்து, அச்சேறாமல் சி.டி.யில் கிடக்கும் எழுத்துக்கு அந்த வழியும் இல்லை.

இன்னொரு தொல்லை ஒற்றை மேற்கோள் குறி. சாய்வு இல்லாத தமிழில் பிறமொழிச் சொல்லையும் வட்டாரச் சொல்லையும் அதற்குள் போடும் பழக்கம் இருக்கிறது. வீரபாண்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், பவர் டேபிள், செக்கிங், காஜா பட்டன், கைமடி எல்லாம் வரும். ஒவ்வொன்றையும் குறிக்குள் போட்டால் பக்கம் முழுக்கப் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கும். அதைவிட, யாருக்கு இந்தச் சொல் அந்நியம்? தைக்கிறவருக்கு ஓவர்லாக் வீட்டுச் சொல். குறி போட்டால், கதை அவரைத் தள்ளி நின்று பார்க்கிறது என்று அர்த்தம். இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை எழுதினார். வட்டார நாவலுக்கு முன்னோடி என்று அதைச் சொல்கிறோம். அந்த ஊர்ப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் குறிக்குள் அடைத்துப் படிப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். ஊரே காட்சிசாலை ஆகிவிடும். என்னிடம் வரும் பிரதிகளில் நான் எழுத்தாளரிடம் கேட்டு முதலில் எடுப்பது இந்தக் குறிகளைத்தான்.

இப்போது பிரதிகள் பெரும்பாலும் வாட்ஸப்பில் வருகின்றன. அங்கே சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. அதைப் பிரதியெடுத்து வேர்டில் ஒட்டும்போது நட்சத்திரங்களும் கூடவே வந்து நிற்கின்றன. சிலர் அது தெரிந்தே விடுகிறார்கள். போன மாசம் வந்த ஒரு கதையில் பதினேழு இடத்தில் நட்சத்திரம், அதில் பதினொன்று 'தான்' என்று முடிகிற சொல்லில். பதினொன்றையும் எடுத்துவிட்டு மீதி ஆறை அவரிடம் கேட்டேன். நாலு போதும் என்றார்.