பேதி: போறதுக்கா, நிக்கிறதுக்கா?

போன விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது ஆச்சி, "பேதி மாத்திரை ஒண்ணு வாங்கிட்டு வாலே" என்று காசு கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் கேட்டார்: "போறதுக்கா, நிக்கிறதுக்கா?" எனக்குத் தெரியவில்லை. திரும்ப ஓடிப்போய்க் கேட்டேன். நிற்பதற்காம்! மாற்றி வாங்கியிருந்தால்? எண்பது வயது உடம்பு.

ஒரே சொல் எப்படி இப்படி எதிரும் புதிருமாக ஆனது?

பேதி வடமொழியிலிருந்து வந்த சொல். 'பித்' என்ற வேருக்கு உடைத்தல், பிளத்தல் என்று பொருள் ('பேதம்' கூட அதே வேர்தான்). ஆயுர்வேத நூலான சார்ங்கதர சம்ஹிதை வயிற்றைக் கழியவைக்கும் மருந்துகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. மென்மையானதற்குக் கடுக்காய், கடுமையானதற்குச் சிவதை என்று உதாரணமும் உண்டு. நடுவில் வருவது பேதனம். இறுகிக் கிடப்பதை உடைத்து வெளியே தள்ளுவது, கடுகுரோகிணி மாதிரி. நம் பேச்சுத் தமிழில் எல்லாமே பேதிதான்.

ஆக, முதலில் அது மருந்தின் வேலைக்குப் பெயர். தேரையரின் பிணியணுகா விதி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடச் சொல்கிறது. நோய் வராமல் இருக்க! அப்பா தலைமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் குடித்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

அப்புறம் காலரா வந்தது. 1817இல் வங்காளத்தில் கிளம்பி 1818இல் சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தது. தமிழில் அதற்கு வாந்திபேதி என்று பெயர். ஆரோக்கியத்துக்குச் சாப்பிட்டது ஊரைக் காலி செய்வதன் பெயராகிவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இன்றும் கோபம் வந்தால் "பேதியில போவான்" என்றுதான் ஏசுவார்கள். ஏசுகிறவர்கள் யாரும் காலராவைப் பார்த்ததில்லை.

இதில் ஒரு கொடுமை, அந்தக் காலத்து மருத்துவர்கள் சிலரே இரண்டையும் சேர்த்ததுதான். லண்டனில் ஜார்ஜ் ஜான்சன் என்ற மருத்துவர், காலரா ஒரு விஷம், அது வெளியேற வேண்டும் என்று நம்பி, 1854இல் நோயாளிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார். பேதிக்குப் பேதி மருந்து! ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து போகும் தண்ணீரும் உப்பும்தான். 1971 வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

கடைக்காரர் அன்று மாத்திரையோடு அந்தக் கரைசல் பொடியும் இரண்டு பாக்கெட் கொடுத்தார். ஆச்சிக்குப் பிடிக்கவில்லை. "மாத்திரைதானலே கேட்டேன், உப்பை எதுக்கு வாங்கிட்டு வந்தே?"